ஹவுகெட்டோவில் ஒரு மூன்றாம் மாடி

பனி கொட்டிய மறுநாள் காலையில் சந்திரகுமார் செய்யும் முதல் வேலை, வெளியே போய்த் தன் வீட்டு ஜன்னல்களைத் தோண்டி எடுப்பது. காரைத் தோண்டுகிறவர்கள் ஒஸ்லோ முழுக்க இருக்கிறார்கள். வெளிச்சத்தைத் தோண்டுகிறவன் அந்தத் தெருவில் அவன் ஒருவன்தான். அவன் குடியிருந்த கீழ் வீடு பாதி மண்ணுக்குள் இருந்தது. ஜன்னலின் அடிக்கட்டை வெளி நிலத்தோடு சமம். மண்வெட்டியால் பனியை வாரி அந்தப் பக்கம் எறிந்தால்தான் உள்ளே காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு சாம்பல் வெளிச்சம் விழும். ஒரு கிழமை மழையும் உறைபனியும் மாறி மாறி வந்தால் ஜன்னலோரம் கறுப்புப் பூஞ்சணம் பூக்கும். துஷாரா அதைக் குளோரின் போட்டுத் துடைப்பாள். அடுத்த கிழமை அது திரும்ப வந்து அதே இடத்தில் குந்தியிருக்கும்.

வீட்டுக்காரர் பத்மநாதன். ஹவுகெட்டோ ரயில் நிலையத்துக்கு மேலே, ஏற்றத்தில், மஞ்சள் பூசிய மரவீடு அவருடையது. தபால் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மேல் தளத்தில் அவரும் மனைவி சிறிதேவியும் மகன் நிலனும் இருந்தார்கள். கீழே சந்திரகுமார், துஷாரா, மகள் ஹம்சத்வனி. அந்தப் பிள்ளை நடக்கப் பழகியதே அந்தத் தரையில்தான். மேலே யார் நடந்தாலும் கீழே கேட்கும். சிறிதேவி செருப்போடு நடக்கிறாவா, வெறுங்காலோடா என்பதுகூடச் சந்திரகுமாருக்குத் தெரியும்.

நோர்வேக்கு வந்த புதிதில் அவன் ஹம்மர்பெஸ்டில் மீன் ஆலை ஒன்றில் வேலைக்கு நின்றான். மாரிக் குளிரில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாத ஊர். அங்கிருந்து ஒஸ்லோவுக்கு இறங்கி, ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வேலை எடுத்தான். அந்த வேலையில் அவனுக்கு நல்ல பெயர். சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களின் கட்டிலை லிப்டுக்குள் தள்ளும்போது, எல்லாம் நல்லபடி முடியும் என்று நோர்வேஜிய மொழியில் ஆறுதலாகச் சொல்வான். கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அதே வசனத்தைத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தால் மட்டும் அது வேலை செய்வதில்லை. அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் அவன். வீடு விஷயத்தில் அந்தக் குணம் அவனைத் தின்னத் தொடங்கியது நவம்பர் கடைசியில்.

அன்றைக்குப் பத்மநாதன் கீழே இறங்கி வந்து, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நிலனுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது என்றார். பெடியனும் பெட்டையும் முதலில் கீழ் வீட்டில் இருக்கட்டும் என்று யோசிப்பதாகவும், பெப்ரவரி முடிய வீட்டை விட்டுத் திறப்பைத் தந்தால் போதும் என்றும் சொன்னார். சொல்லும்போது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்திரகுமார், "அதுக்கென்ன அண்ணை," என்றான். அவர் படியேறிப் போனபிறகு குளியலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

வாடகைக்கு வேறு வீடு தேடினார்கள். மகளின் பள்ளிக்கூடம் மாறாத தூரத்தில் எதுவும் அவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இல்லை. எட்டியவையும் இன்னொரு கீழ் வீடாகவே இருந்தன. அப்படியென்றால் வாங்கத்தான் வேண்டும் என்று துஷாரா சொன்னாள். அவளுக்குச் சிறுவர் பூங்காவில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. இரண்டு சம்பளத்தையும் பார்த்து வங்கி ஒரு கோடு கீறிக் கொடுத்தது: இதுவரைக்கும் போகலாம், இதற்கு மேல் ஒரு குரோனர் கூட இல்லை. வீட்டு விலையில் கையில் வைத்திருக்க வேண்டிய பங்கை அரசாங்கம் குறைத்திருந்ததால் அந்தக் கோடாவது கிடைத்தது. ஆனால் அந்தச் சலுகை அவனுக்கு மட்டுமா கிடைத்தது? ஒஸ்லோவில் வாடகைக்கு இருந்த பாதிப்பேர் ஒரேயடியாக வாங்கப் புறப்பட்ட மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் வேறு கதையே இல்லை. வட்டி இறங்கும், இறங்கினால் விலை ஏறும் என்றார்கள். ஜனவரியில் எப்போதுமே ஏறும் என்றார்கள். புது வீடுகள் கட்டுவது குறைந்துவிட்டது, அதனால் இன்னும் ஏறும் என்றும் சொன்னார்கள். சந்திரகுமார் தொலைபேசியில் எதிர்வுகூறல் எல்லாவற்றையும் பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி வாசித்தான். ஒரு நிபுணர் சொன்னதை அடுத்தவர் மறுத்தார். எல்லோருடைய பேச்சையும் கூட்டிப் பார்த்தால் அவனுக்குக் கிடைத்தது ஒன்றுதான்: இப்போது வாங்காதவன் பிறகு வாங்கமாட்டான். கணக்கு மூளைக்கு விளங்கியது.  கட்டில் தள்ளும் நேரத்தில் கூட அதைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தான்.

டிசம்பரில் ஸ்ட்ரோம்மன் பக்கம் ஒரு வீடு பார்த்தார்கள். நோர்வேயில் வீடு ஏலத்தில்தான் போகும்; அந்த ஏலத்துக்கு முன்னால் துஷாரா கோயிலில் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டாள். அடுத்த நாள் ஐந்து பேர் தொலைபேசி எடுத்து விசாரித்தார்கள். ராசமலர் என்கிற அக்கா, "பெரிய வீடு எடுக்கிறியளாம்," என்று இழுத்துக் கேட்டா. வீடு தொடக்கத்திலேயே கைவிட்டுப் போனது. கண் பட்டுவிட்டது, அது கண்ணூறு என்று துஷாரா முடிவு கட்டினாள். இனிமேல் திறப்பு கைக்கு வந்து, புது வீட்டில் பால் காய்ச்சும் மட்டும் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. தாய் சகோதரங்களுக்கும் சொல்லக் கூடாது. மகளிடம் சத்தியம் வாங்கினாள். மேல் வீட்டுக்கு மட்டும் சொல்லலாமே, எழும்பச் சொன்னவர்களுக்கே நாங்கள் தேடுவது தெரிந்தால் என்ன என்று சந்திரகுமார் கேட்டுப் பார்த்தான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சிறிதேவி அக்காவுக்குத் தெரிந்தால் கோயிலில் மணியடித்த மாதிரித்தான் என்றாள். இன்னொரு நிபந்தனையும் போட்டாள்: எந்தத் தொகை கேட்டாலும் கடைசியில் ஒற்றை ஒன்று விழ வேண்டும். கலியாண வீட்டுக்கு நூறோடு ஒன்று வைப்பதில்லையா, அது போல. முட்டையில், அதாவது சுழியத்தில், முடிகிற காசு விளங்காது என்றாள்.

ஜனவரியில் அந்த வீடு வந்தது. ஹவுகெட்டோவிலேயே, ரயில் பாதைக்கு அங்கால், மாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. ஞாயிற்றுக்கிழமை விஸ்னிங். வீடு காட்டுகிற நேரத்துக்கு எல்லோரும் சொல்கிற பெயர் அது. முற்றத்தில் பனி தள்ளிக்கொண்டு நின்ற பத்மநாதன் எங்கே பயணம் என்று கேட்டார். ஸ்ட்ரோம்மனுக்குச் சாமான் வாங்க என்றான் சந்திரகுமார். கவனமாகப் போங்கோ, றோட்டு வழுக்குது என்றார் அவர். பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ஏதோ சொல்ல வந்தவர் போல நின்று, சொல்லாமல் விட்டார்.

சப்பாத்துக்கு மேல் நீலப் பொலித்தீன் உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். முப்பது பேர் நெருக்கியடித்த வீட்டுக்குள் ஹம்சத்வனி நேரே வரவேற்பறைக்குப் போய், தரையில் விழுந்திருந்த வெயில் துண்டில் நின்றாள். "அப்பா, இஞ்சை உள்ளுக்கை வருது," என்றாள். என்ன வருகிறது என்று அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சந்திரகுமார் அந்த வீட்டில் வேறெதையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை அவனுக்குப் பின்னேர வேலை. துஷாரா வேலையிலும் மகள் பள்ளியிலும் இருந்தார்கள். விலை கேட்கிற சண்டை நண்பகலுக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். தொலைபேசியில் தொகையைத் தட்டி, வங்கி அடையாளம் கொடுத்து அனுப்பினால், அது பிணைக்கும். பிறகு மனம் மாற முடியாது. மற்றவர் யார் என்பது தெரியாது. மெக்லர், அதாவது வீடு விற்றுக் கொடுக்கிற முகவர், தொகையையும் கேட்டவரின் இலக்கத்தையும் மட்டும்தான் அனுப்புவார்.

தொடக்கத்தில் நான்கு பேர் நின்றார்கள். ஒருவர் உடனே போனார். இன்னொருவர் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டுப் போனார். மிஞ்சியது சந்திரகுமாரும் ‘இரண்டாம் ஆள்’ என்று தொலைபேசி சொன்ன ஒருவரும்.

அவன் கேட்டான். அந்த ஆள் விலையில் மேலே போனார். அவன் திரும்பக் கேட்டான். அவர் இன்னும் மேலே போனார். ஒவ்வொரு முறையும் அனுப்பிவிட்டு, தொலைபேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். வங்கி கீறிய கோடு கிட்டக் கிட்ட வந்தது.

மூன்றாவது தரமோ நான்காவது தரமோ அவன் அதைக் கவனித்தான். இவன் அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு கதிரை இழுபடுகிறது. கனமான காலடி ஒன்று குசினிப் பக்கம் போகிறது, நிற்கிறது, திரும்ப வருகிறது. பிறகு இவனுடைய தொலைபேசி அடிக்கிறது. இரண்டாம் ஆள் மேலே போய்விட்டார்.

தற்செயல் என்று நினைத்தான். தொகையைப் பார்த்தான். கடைசியில் ஒற்றை. முந்தியதைத் தேடிப் பார்த்தான். அதிலும் ஒற்றை. அதற்கு முந்தியதிலும் ஒற்றை. தன்னுடைய தொகைகளில் ஒற்றையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தட்டுப்படாமல் போயிருக்கிறது. ஐயாயிரம் பத்தாயிரம் என்று பாய்கிற வெள்ளைக்காரன் ஒரு குரோனரை எதற்குக் கடைசியில் ஒட்டப் போகிறான்?

சரிபார்க்க ஒரு வழிதான் இருந்தது. இன்னொரு தொகையை அனுப்பிவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். மேலே கதிரை இழுபட்டது. காலடி குசினிக்குப் போனது. சிறிதேவியின் குரல் ஏதோ சொன்னது. காலடி திரும்பி வந்தது. தொலைபேசி அடித்தது.

கால் மணி நேரக் கெடு. அதற்குள் இவன் விலையை ஏற்றாவிட்டால் வீடு பத்மநாதனுக்கு.

கீழ் வீட்டுக்கு வாசல் புறம்பு. சட்டையோடும் வீட்டுச் செருப்போடும் பனிக்குள் இறங்கி, வீட்டைச் சுற்றி ஓடி, மேல் வாசல் மணியை அழுத்தினான். சிறிதேவி கதவைத் திறந்தா. அவவுக்குப் பின்னால் மேசையில் பத்மநாதன், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கையில் தொலைபேசியோடு இருந்தார்.

"அண்ணை, ரெயில் பாதைக்கு அங்காலை மூண்டாம் மாடி," என்றான் சந்திரகுமார். "நீங்களோ நிண்டு விலையை ஏத்திறியள்?"

பத்மநாதன் தொலைபேசியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"நீரோ மற்றது?"

"ஓம்."

"கோதாரி," என்றார் பத்மநாதன். "ஆரோ பொல்லாத வெள்ளை, விடுறானில்லை எண்டு இப்பதான் இவவுக்குச் சொன்னனான்."

"ஒத்தை வைச்சுக் கேக்கிற வெள்ளை எங்கையண்ணை இருக்கு?"

"எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றா சிறிதேவி. "ஸ்ட்ரோம்மனுக்கு எண்டெல்லோ போனனீங்கள்."

நின்றபடியே விஷயம் வெளியே வந்தது. நிலன் கட்டப்போகிற பிள்ளை சாருகா டிசம்பரில், நத்தார் நேரம், வந்திருக்கிறாள். சந்திரகுமார் குடும்பம் வெளியே போயிருந்த ஒரு பின்னேரம், பத்மநாதன் தன் திறப்பால் கீழ் வீட்டைத் திறந்து காட்டியிருக்கிறார். பிள்ளை மரியாதையாகப் பார்த்தாள். நல்லாயிருக்கு மாமா என்றாள். காருக்குள் ஏறினதும் நிலனிடம், அந்த ஜன்னலுக்குள் தன்னால் இருக்க ஏலாது என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இவர்களும் வீடு தேடுகிறார்கள். கிடைக்க முதல் கீழே வந்து நீங்கள் எழும்பத் தேவையில்லை என்று சொல்லி, பிறகு கிடைக்காமல் போனால் ஒரு குடும்பத்தை இரண்டு தரம் எழுப்பின பாவம் வரும் என்று பத்மநாதன் யோசித்தார். கண்ணூறு பட்டுப்போகும் என்று சிறிதேவி யோசித்தா. ஆக மேலேயும் வாய் திறக்கவில்லை, கீழேயும் வாய் திறக்கவில்லை. இரண்டு வாயும் மூடியிருந்த ஒரு மத்தியானத்தில் அந்த மூன்றாம் மாடியின் விலை எங்கேயோ போய் நின்றது. திறப்பு விஷயத்தைக் கேட்டபோது சந்திரகுமாருக்குக் காது சூடானது. ஆனால் அதைப் பேசுகிற நேரம் அது இல்லை.

பத்மநாதனின் முகம் மெல்ல மெல்ல வெளித்தது.

"இப்ப என்ன, எல்லாம் சரியெல்லோ," என்றார். "நீர் விடும். நான் எடுக்கிறன். பெடியன் அங்கை போவான். நீங்கள் கீழையே இருங்கோ. எத்தினை வருஷம் எண்டாலும் இருங்கோ. ஆர் எழும்பச் சொன்னது?"

 நவம்பரில் இதைச் சொல்லியிருந்தால் சந்திரகுமார் அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றியிருப்பான். பெட்டி கட்டத் தேவையில்லை, கடன் தேவையில்லை, வட்டி ஏறுமா இறங்குமா என்று ஒவ்வொரு காலையும் செய்தி வாசிக்கத் தேவையில்லை. ஒரு ‘ஓம்’ போதும். அந்த ஓமைச் சொல்ல வாயையும் திறந்துவிட்டான்.

ஆனால் இருங்கோ என்று சொல்ல முடிந்த மனிதருக்கு எழும்புங்கோ என்று சொல்லவும் முடியும். அவர் நல்லவர்தான். நவம்பரிலும் நல்லவராகத்தான் இருந்தார்.

ஒரு நிமிஷம் அண்ணை என்று சொல்லி, துஷாராவுக்குத் தொலைபேசி எடுத்தான். அவள் வெளியே பனியில் பிள்ளைகளோடு நின்றாள். பின்னால் யாரோ ஒரு குழந்தை கையுறையைத் தொலைத்துவிட்டு அழுதது. அவன் இருந்ததை இருந்தபடி சொன்னான். மற்ற ஆள் அண்ணைதான் என்று சொன்னான், கீழ் வீட்டிலேயே இருக்கச் சொல்கிறார் என்றும் சொன்னான்.  

"விலையைக் கேளுங்கோ," என்றாள் துஷாரா.

"அண்ணைக்கு முன்னாலையோ?"

"அண்ணைக்கு முன்னாலைதான். கேட்டுட்டு எனக்குச் சொல்லுங்கோ."

கெடு முடியக் கொஞ்சம்தான் இருந்தது. கதவடியிலேயே நின்றுகொண்டு, வங்கி கீறிய கோடு வரைக்கும் தொகையைப் போட்டான். ஒற்றையோடு சரியாக அந்தக் கோட்டில் விழுந்தது. அடையாள இலக்கம் தட்டும்போது விரல் இரண்டு தரம் பிழைத்தது. அனுப்பினான். மேசையில் இருந்த பத்மநாதனின் தொலைபேசி அடித்தது.

"இதுதான் அண்ணை கடைசி," என்றான். "இனி என்னட்டை இல்லை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. விலை கேட்கிற எவனும் எதிராளியிடம் சொல்லக் கூடாத ஒரே வார்த்தை அது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இன்னும் ஒரு படி ஏறினால் போதும், வீடு அவருடையது. அவரால் ஏற முடியும் என்பதும் இவனுக்குத் தெரியும். முழுதாகக் கடன் கட்டி முடித்த மரவீட்டுக்குள் இருக்கிற மனிதர். இனி வாயைப் பொத்தி என்ன, கழுத்தை நீட்டியாகிவிட்டது.

பத்மநாதன் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு தொலைபேசியைப் பார்த்தார். பெருவிரல் திரைக்கு மேலே நின்றது. கலியாணம் மே மாதம் என்று அவர் தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னார். பெண் வீட்டாருக்கு வீடு பார்த்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை கொடுத்தாகிவிட்டது என்றார்.  சந்திரகுமாரின் செருப்பில் ஒட்டியிருந்த பனி உருகி, கால்மிதியைத் தாண்டித் தரையில் ஓடியது. துடைக்க வேண்டும் என்று தோன்றியது. 

சிறிதேவி குசினி வாசலில் சாய்ந்துகொண்டு நின்றா.

"உங்கடை மருமேள் அந்த வீட்டுக் குசினி சின்னன் எண்டெல்லோ சொன்னவ," என்றா.

"எப்ப சொன்னவ?"

"சொன்னவ. உங்களுக்கு எங்கை காது கேக்குது? எடுத்துக் குடுத்துட்டு ஆயுள் முழுக்கக் குசினிக் கதை கேக்கப் போறியளோ?"

சாருகா அப்படிச் சொன்னாளா, இல்லையா என்பது சந்திரகுமாருக்கு இன்றுவரை தெரியாது. பத்மநாதன் மனைவியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொலைபேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். வைத்த கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

 பயம் முழுதாகப் போகவில்லை. போன ஆள் திரும்ப வரலாம், புது ஆள் ஒருவர் புகலாம், வீட்டை விற்கிறவர் இது போதாது என்று சொல்லலாம். குந்தச் சொல்லியும் சந்திரகுமார் கதிரையில் குந்தவில்லை. சிறிதேவி தேத்தண்ணி ஊற்றி வைத்தா. அது ஆறி ஆடை கட்டியது.

மெக்லர் தொலைபேசி எடுத்தபோது அவன் தன் பெயரையே திணறிச் சொன்னான். அந்தப் பக்கத்துப் பெண் சிரித்துக்கொண்டு, விற்கிறவர் ஏற்றுக்கொண்டார், வாழ்த்துகள் என்றாள். அவன் நன்றி என்று நாலு தரம் சொன்னான். துஷாராவுக்கு ‘கிடைச்சிட்டுது’ என்று எழுதி அனுப்பினான். பிறகுதான் கதிரையில் குந்தினான்.

பத்மநாதன் எழும்பி வந்து கை கொடுத்தார். கை கொடுக்கும்போது இருவருமே ஒரே கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது இருவருக்கும் தெரிந்தது: இந்த வீட்டின் மேல் தளமும் கீழ் தளமும் சேர்ந்து, யாரோ முன்பின் தெரியாத ஒருவருக்கு இன்றைக்கு எவ்வளவு காசை அள்ளிக் கொடுத்திருக்கிறது என்று.  அதை இனி முப்பது வருடம் மாதா மாதம் கட்டப் போகிறவன் சந்திரகுமார்தான்.

"நான் உள்ளுக்கை பாக்கேல்லை. பெடியன்தான் முதல் நாளே போய்ப் பாத்தவன்," என்றார் பத்மநாதன், பேச்சை மாற்றுகிற குரலில். "பாத்றூம் எப்ப செய்ததாம்?"

சந்திரகுமார் யோசித்தான். குளியலறைக் கதவு எந்தப் பக்கம் இருந்தது என்பதே நினைவுக்கு வரவில்லை.

"பைப் எல்லாம் மாத்தினதோ?"

"தெரியேல்லை அண்ணை."

"வீட்டு நிலைமை எண்டு ஒரு றிப்போட் குடுத்திருப்பாங்களே. வாசிக்கேல்லையே?"

"வாசிச்சனான். முழுக்க இல்லை."

பத்மநாதன் தன் கதிரையை அவனுடைய கதிரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "எடும், பாப்பம்," என்றார். சந்திரகுமார் தொலைபேசியில் அதைத் திறந்தான். நல்லதுக்குச் சுழியமும் மோசத்துக்கு மூன்றும் போட்டு, வீட்டின் ஒவ்வொரு பகுதியையும் எழுதி வைத்திருந்தார்கள். வெளிச்சத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பத்மநாதன் விரலை எழுத்தின் கீழே வைத்துக்கொண்டு, தபால் முகவரி வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக வாசித்து வந்தார். குளியலறையில் விரல் நின்றது.

"ரெண்டு போட்டிருக்கு," என்றார்.

"ரெண்டு எண்டால் பயமோ அண்ணை?"

"மூண்டை விட நல்லம்." அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "அடுத்த பக்கத்தைத் தள்ளும்."